மூடிய குழாயும் மிஞ்சிய தண்ணீரும்: ஒரு கேரவன் கண்ட குளிர்காலம்

பம்ப் நிற்கவில்லை. முதல் அறிகுறி அதுதான்.

2023 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை. ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருந்தது. பயணத்துக்கு முன் ஒருமுறை தண்ணீர் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று 40 லிட்டர் பீப்பாயை வீட்டிலேயே நிரப்பி எடுத்துக்கொண்டு, காரில் இழுத்துப்போகும் எங்கள் கேரவன் நிறுத்தியிருந்த இடத்துக்குப் போனேன். எங்கள் கேரவனின் பம்ப் அழுத்தத்தைப் பார்த்து ஓடுகிற வகை. குழாயைத் திறந்தால் பைப்பில் அழுத்தம் குறையும், பம்ப் ஓடும். மூடினால் அழுத்தம் ஏறும், நான்கைந்து நொடியில் தானாக நின்றுவிடும். அன்று எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் அது உறுமிக்கொண்டே இருந்தது. அப்படியென்றால் எங்கேயோ தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

முன்பக்க இருக்கையின் பலகையைத் தூக்கினேன். தண்ணீர் வடிகட்டி பொருத்தியிருக்கும் பிளாஸ்டிக் கூட்டின் பக்கவாட்டில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து விசிறி விரித்ததுபோல மெல்லிய படலமாகத் தண்ணீர் பீறிட்டு எதிர்ச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. பலகையின் அடியில் ஏற்கெனவே குளம். சுவிட்சை அணைத்துவிட்டு, கையில் கிடைத்த துண்டுகளையெல்லாம் போட்டு ஒற்றி எடுத்தேன். அப்புறம் சமையல் மேடைக்குப் போனால் அங்கே வெந்நீரும் குளிர்நீரும் ஒரே வாயில் கலந்து வரும் மிக்ஸர் குழாயின் கழுத்திலும் ஈரம். குளியலறையில் ஷவர் மிக்ஸரின் பின்பக்கம் ஒரு விரிசல். ஒரே குளிர்காலத்தில் மூன்று இடங்கள்.

குளிர்காலத்துக்கு முன் தண்ணீரை வடிக்காமல் விட்டிருந்தால் இது நடந்ததில் வியப்பில்லை. ஆனால் நான் வடித்திருந்தேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

வண்டியும் இடமும்

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டிதான் நினைவுக்கு வரும். பிரிட்டனில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். என்ஜின் இல்லாத ஒரு சிறு வீடு அது. காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போக வேண்டும். எங்களுடையது 2011இல் செய்யப்பட்டது, நான்கு பேர் படுக்கலாம், ஒற்றை அச்சு, இரண்டாம் கையாக வாங்கினோம். சமையல் மேடை, கை கழுவும் தொட்டி, ஷவர் என்று மூன்று இடங்களில் மிக்ஸர் குழாய். 10 லிட்டர் கொள்ளும் ட்ரூமா வெந்நீர்க் கொதிகலன். தெட்ஃபோர்ட் கேசட் கழிப்பறை, அதாவது கழிவு சேரும் பெட்டியைக் கழற்றி எடுக்கும் வகை. நாங்கள் இருப்பது வாட்ஃபோர்டுக்குப் பக்கம். வீட்டு முன்னால் நிறுத்த இடம் போதாது. ஆகவே சற்றுத் தள்ளி, ஒரு பண்ணையை ஒட்டிய திறந்த காங்கிரீட் தளத்தில் வாடகைக்கு விட்டிருக்கிறோம். மின் இணைப்பு கிடையாது. சுவர்கள் ஏறத்தாழ ஓரங்குலத் தடிமன்தான், நடுவில் தெர்மாகோல் போன்ற பொருள். உள்ளே சூடு ஏதும் இல்லையென்றால் விடியலுக்குள் வெளியே என்ன குளிரோ அதுவேதான் உள்ளேயும்.

2022 அக்டோபர் கடைசியில், பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு நார்ஃபோக் கடற்கரைக்குப் போய் வந்தோம். அதுதான் அந்த ஆண்டின் கடைசிப் பயணம். திரும்பி வந்த மறுநாளே கேரவனைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்தேன். நவம்பர் மிதமாகவே போனது. டிசம்பர் இரண்டாம் வாரம் வடக்கிலிருந்து காற்று இறங்கியது. 11ஆம் தேதி இரவு லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் பனி கொட்டியது. ஸ்காட்லாந்தில் பிரேமர் என்ற ஊரில் -17.3 டிகிரி வரை இறங்கியது. எங்கள் தோட்டத்து வெப்பமானியில் -7 பார்த்தேன்; பகலிலும் அது பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. ஏறத்தாழ ஒரு வாரம் இப்படியே போய், 18ஆம் தேதி வாக்கில்தான் சட்டென்று இளகியது. 2010 டிசம்பரோடு ஒப்பிட்டால் இது சின்னக் குளிர். அந்த ஆண்டு மத்திய இங்கிலாந்தின் மாதச் சராசரியே -0.7 டிகிரி. ஆனாலும் மூன்று பொருட்களை உடைக்க இந்தச் சின்னக் குளிரே போதுமானதாக இருந்தது.

அக்டோபரில் நான் செய்தது

பம்பின் சுவிட்சை அணைத்தேன். வெளியே இணைத்திருந்த பம்பைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துக்கொண்டேன். கொதிகலனின் அடியில் இருக்கும் மஞ்சள் நெம்பைத் தூக்கினேன். தரைக்கு அடியில் தண்ணீர் கொட்டியது, அது நிற்கும் வரை காத்திருந்தேன். மூன்று குழாய்களையும் திறந்தேன். இருபது நிமிடம் விட்டேன். ஒரு சொட்டும் வரவில்லை. அப்புறம் மூன்றையும் மூடிவிட்டு வந்தேன்.

ஏன் மூடினேன்? யோசித்துச் செய்ததல்ல. திறந்த குழாயைப் பார்த்தால் கை தானாகப் போய் மூடும். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் காத்திருந்து குடம் குடமாகப் பிடித்துவைத்த வீட்டில் வளர்ந்தவன் நான். குழாயைத் திறந்துபோட்டுவிட்டுப் போவதை அம்மா ஒருநாளும் பொறுத்துக்கொண்டதில்லை. அந்தப் பழக்கம் இங்கேயும் கூடவே வந்துவிட்டது.

சரியாகச் செய்தவையும் உண்டு, அவற்றையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்து மாதம் ஒருமுறை மின்னேற்றினேன். முழுதாக ஏற்றிய ஈய-அமிலப் பேட்டரி பிரிட்டன் குளிரில் உறைவதில்லை. காலியாகக் கிடந்தால் உறைந்து ஓடு வெடிக்க வாய்ப்புண்டு. கேஸ் உருளையை மூடிக் கழற்றினேன். குளிர்பதனப் பெட்டியின் கதவைச் சற்றே திறந்த நிலையில் பூட்டினேன். கழிப்பறையின் கேசட்டைக் கழுவிக் காயவைத்து, அடித்தட்டைத் திறந்தே விட்டேன். மூடி வைத்தால் ரப்பர் வளையம் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். இவை ஒன்றிலும் பிரச்சினை வரவில்லை.

பிரித்துப் பார்த்தபோது

ஹாரோவில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது ஆண்டுகளாக பிளம்பிங் வேலை. அடுத்த ஞாயிறு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். உடைந்ததைப் பார்ப்பதற்கு முன்பே அவர் கேட்ட கேள்வி இதுதான்:

"தம்பி, கடைசியா எல்லாத்தையும் திறந்து விட்டனீரோ, பூட்டிப்போட்டு வந்தனீரோ?"

"திறந்து வடிச்சிட்டு, அப்புறம் மூடிட்டுத்தான் வந்தேன் அண்ணே."

"அங்கதான் பிழை. தண்ணி வெளிய போறதெண்டால் காத்து உள்ள வரவேணும். காத்து வராட்டி தண்ணி அசையாது."

அவர் சமையல் மேடையின் மிக்ஸர் குழாயைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஒற்றைக் கைப்பிடி வகை. உள்ளே பீங்கான் தட்டுகள் கொண்ட ஒரு சிறிய கார்ட்ரிட்ஜ். கைப்பிடியைக் குளிர்நீர்ப் பக்கம் திருப்பித் தூக்கினால் குளிர்நீர்ப் பாதை மட்டும் திறக்கும். வெந்நீர்ப் பாதை இறுக மூடியே இருக்கும். அக்டோபரில் நான் அப்படித்தான் திறந்திருக்கிறேன். வெந்நீர் பைப்பின் மேல்முனையில் காற்று புக வழியில்லை. இளநீரில் போட்ட உறிஞ்சுகுழலின் மேல்வாயை விரலால் அடைத்துக்கொண்டு வெளியே எடுத்தால், உள்ளே இருக்கும் இளநீர் கீழே விழாது அல்லவா, அதேதான் இங்கேயும். கீழே கொதிகலன் வால்வு திறந்திருந்தும், மேடைக்குப் போகும் வெந்நீர்க் கிளையில் தண்ணீர் அப்படியே தொங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. ஷவரிலும் இதே கதை. கை கழுவும் தொட்டியின் குழாய் மட்டும் தற்செயலாக வெந்நீர்ப் பக்கம் திரும்பியிருந்தது. அதன் வழியாகக் காற்று புகுந்ததால்தான் கொதிகலன் முழுதாக வடிந்திருக்கிறது. இல்லையென்றால் உடைந்தவற்றிலேயே விலை கூடியது அதுவாக இருந்திருக்கும்.

கைப்பிடியை நடுவில் வைத்து முழுவதும் தூக்கினால் இரண்டு பாதையும் திறக்கும். விஷயம் அவ்வளவுதான். கால் அங்குலத் திருப்பம்.

மூடியதால் வந்த கேடு தனி. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பனிக்கட்டி எங்கே உருவாகிறதோ அங்கேதான் பைப் வெடிக்கும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பைப்பின் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைப்பாக உறைந்து, இருபுறமும் நீள்கிறது. ஒருபுறம் திறந்திருந்தால் தண்ணீர் நகர்ந்து இடம் கொடுக்கும். இரண்டு பக்கமும் அடைப்பென்றால், அதாவது ஒருபுறம் பனி, மறுபுறம் மூடிய குழாய் என்றால், நடுவில் சிக்கிய தண்ணீரின் அழுத்தம் பல மடங்கு ஏறும். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. கடைசியில் அந்த வரிசையில் எது மிக மெலிந்ததோ அது உடையும். பைப்புகள் 12 மில்லிமீட்டர் நெகிழ்வு பிளாஸ்டிக், அவை கொஞ்சம் விரிந்து கொடுத்துவிட்டன. கார்ட்ரிட்ஜின் கூடு கொடுக்கவில்லை. குழாய் திறந்திருந்தால், தண்ணீர் மிஞ்சியிருந்தாலும் கூட, அது மேல்நோக்கித் தள்ளப்பட்டு வாய்வழியே வெளியேறியிருக்கும்.

ஷவரில் இன்னொன்றும் சேர்ந்தது. ஷவர் தலையை மேலே கொக்கியில் மாட்டியே வைத்திருந்தேன். அதன் நெளிகுழாய் கீழே வளைந்து மேலே ஏறுகிறது. அந்த வளைவில் தண்ணீர் எப்போதும் நிற்கும். மிக்ஸரின் ஒரு பக்கம் அடைபட அதுவே போதும்.

வடிகட்டிக் கூடு வேறு வகை. உள்ளே இருப்பது கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ், கடற்பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலும் அது இருப்பது கேரவனுக்குள் தண்ணீர் நுழையும் வாயிலுக்குப் பக்கம். தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் ஒருவழி வால்வு அங்கே இருக்கிறது. ஆகவே பம்பைக் கழற்றினாலும் அந்தப் பக்கம் வடிவதில்லை. குழாய்களை எத்தனை நேரம் திறந்து வைத்தாலும் இந்தக் கூட்டில் தண்ணீர் இருக்கும். கையால் கழற்றித்தான் கொட்ட வேண்டும். என் வண்டியில் வடிகட்டி இருப்பதே எனக்கு அக்டோபரில் நினைவில் இல்லை. இருக்கைக்கு அடியில் இருப்பதை யார் பார்க்கிறார்கள்?

புது வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ட்ரூமா காம்பி போன்ற கொதிகலன்களில் ஃப்ராஸ்ட்கன்ட்ரோல் என்ற வால்வு வருகிறது. வால்வு இருக்கும் இடத்தில் ஏறத்தாழ 3 டிகிரிக்குக் கீழே போனால் மின்சாரம் இல்லாமலேயே திறந்து கொதிகலன் தண்ணீரைக் கொட்டிவிடும். மறுபடி ஏறத்தாழ 7 டிகிரி வந்தால்தான் கையால் மூட முடியும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது காப்பது கொதிகலனை மட்டும். வடிகட்டியையோ மிக்ஸரையோ ஷவர் வளைவையோ அது தொடாது. ஆல்டே வகைச் சூடாக்கிகளில், வண்டியைச் சூடாக்கச் சுவரோரம் ஓடும் சுற்றில் கிளைக்கால் என்ற உறைதடுப்பி கலந்த திரவம் இருக்கிறது, அது உறையாது. அதை வைத்துக்கொண்டு "எங்கள் வண்டி உறையாது" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதே பெட்டிக்குள் இருக்கும் குளியல் வெந்நீர் வெறும் தண்ணீர்தான். அதை வடிக்காவிட்டால் உறையும்.

செலவும் தரையும்

குழாய் இரண்டும் வடிகட்டிக் கூடும் சேர்த்துப் பொருளுக்கு மட்டும் 180 பவுண்ட் ஆனது. அண்ணன் கூலி வாங்க மறுத்துவிட்டார். காப்பீட்டுத் தாளை எடுத்துப் படித்தேன். உறைபனியால் வரும் சேதத்துக்கு, தண்ணீரை முறையாக வடித்திருந்தால்தான் இழப்பீடு என்று எழுதியிருந்தது. இப்படி ஒரு வரி பல காப்பீடுகளில் உண்டு. நான் கேட்கவே இல்லை.

பணத்தைவிட எனக்குக் கவலை தந்தது தரை. கேரவன் தரை ஒட்டுப்பலகை, நடுவில் நுரை, மறுபடி ஒட்டுப்பலகை என்று பசையால் ஒட்டிய அடுக்கு. தண்ணீர் உள்ளே இறங்கினால் அடுக்குகள் பிரிந்து, நடக்கும்போது அப்பளம்போல நெரியும். அன்று ஓடிய தண்ணீர் பத்துப் பன்னிரண்டு லிட்டராவது இருக்கும். பலகையின் ஈரத்தை விழுக்காட்டில் காட்டும் டேம்ப் மீட்டரை வைத்துப் பார்த்தால் இருக்கைக்கு அடியில் 28 காட்டியது. பொதுவாக 15 வரை கவலை இல்லை, 20 தாண்டினால் காரணம் தேட வேண்டும் என்பார்கள். விரிப்பைத் தூக்கி, பலகைகளை நிறுத்திவைத்து, வண்டியை இரண்டு வாரம் வீட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி (தெருவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களுக்கு நன்றி), ஈரம் உறிஞ்சும் எந்திரத்தை ஓட்டினோம். ஆறு வாரத்தில் 14க்கு வந்தது. ஈஸ்டர் பயணம் போகவில்லை.

தரையைக் காய வைக்கும்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. படுக்கை மெத்தைகளை வழக்கம்போலப் படுத்த நிலையில், வெளிச்சுவரை ஒட்டியே விட்டிருந்தேன். அவற்றின் முதுகில் கருப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம். இதற்கும் உடைந்த குழாய்க்கும் தொடர்பில்லை. குளிர்ந்த சுவரில் காற்றின் ஈரம் வியர்த்து, காற்றோட்டம் இல்லாததால் அங்கேயே தங்கிவிட்டது. என் மனைவி தூத்துக்குடிக்காரி. அக்டோபரிலேயே இரண்டு கிண்ணங்களில் கல்லுப்பு போட்டு வைத்திருந்தாள். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது இயல்பான யோசனை. அதில் உண்மையும் உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். இங்கே குளிர்காலத்தில் ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். கிண்ணங்களில் உப்பு கசிந்துதான் இருந்தது. ஆனால் 75க்கு மேல் இருப்பதைத்தான் அது இழுக்கும். பூஞ்சணத்துக்கு அந்த 75ஏ போதும். கடைகளில் விற்கும் கால்சியம் குளோரைடு ஈரப்பதம் அதில் பாதிக்கும் குறைவாக இருக்கும்போதே இழுக்கத் தொடங்கிவிடும். அடுத்த ஆண்டு அதற்கு மாறினோம். அதைவிடப் பெரிய பலன் தந்தது மெத்தைகளைச் சுவரிலிருந்து தள்ளி விளிம்பில் நிறுத்தி வைத்ததும், எல்லா அலமாரிக் கதவுகளையும் திறந்து விட்டதும்தான்.

குளிர் வருகிறதே என்று தரையிலும் கூரையிலும் இருக்கும் காற்றுத் துளைகளைத் துணியால் அடைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அடைக்காதீர்கள். ஓதம் கூடும் என்பது ஒரு பக்கம். கேஸ் கசிந்தால், காற்றைவிடக் கனமான அது தரைத் துளை வழியேதான் வெளியேற வேண்டும்.

2023 நவம்பர்: இரண்டாம் முறை

இந்த முறை அண்ணனும் வந்தார். வேலையை அந்த ஆண்டின் நார்ஃபோக் பயணத்திலேயே பாதி தொடங்கியிருந்தேன். முகாமை விட்டுக் கிளம்பும்போதே மஞ்சள் நெம்பைத் தூக்கி, குழாய்களை நடு நிலையில் திறந்து, ஷவர் தலையைக் கழற்றித் தொட்டியில் கிடத்தி, அப்படியே வீடு வரை ஓட்டி வந்தேன். சாலையின் குலுக்கலும் வளைவும் தாழ்வான பைப்புகளில் நிற்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றும். இடத்துக்கு வந்ததும் முன்பக்கம் இருக்கும் ஜாக்கி சக்கரத்தைச் சுழற்றி, மூக்கை நன்றாகத் தூக்கிப் பத்து நிமிடம், தாழ்த்திப் பத்து நிமிடம் விட்டோம். பைப்புகள் ஒரே மட்டமாக ஓடுவதில்லை, எங்கே தொய்ந்திருக்கிறது என்று வெளியே தெரியாது. வண்டியையே சாய்த்தால் எல்லாத் தொய்வுக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

வடிகட்டியைக் கழற்றி, கார்ட்ரிட்ஜை எறிந்துவிட்டு, கூட்டைத் துடைத்தோம். அந்தச் சின்னக் கூட்டில் மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது.

இதுவரை வந்ததெல்லாம் ஈர்ப்பு விசையால் வடிந்தது. அடுத்ததுதான் எனக்கு உண்மையில் கண் திறந்த இடம். "இப்ப பாரும்" என்று சொல்லி, டயருக்குக் காற்றடிக்கும் சிறிய பம்பை ஒரு இணைப்பியின் வழியாகத் தண்ணீர் நுழையும் வாயில் பொருத்தினார் அண்ணன். கழிவுநீர் வெளிவாயின் கீழ் ஒரு வாளி வைத்தோம். மூன்று குழாய்களையும் மூடிவிட்டு, கொதிகலன் நெம்பையும் தற்காலிகமாக இறக்கிவிட்டு, மெல்லிய அழுத்தத்தில் காற்றை விட்டோம். பிறகு குழாய்களை ஒவ்வொன்றாக, முதலில் குளிர்நீர்ப் பக்கம், அடுத்து வெந்நீர்ப் பக்கம் திறந்தோம். ஒரு சொட்டும் இல்லை என்று நான் சத்தியம் செய்திருக்கக்கூடிய குழாய்களிலிருந்து புஸ்ஸென்ற சத்தத்தோடு தண்ணீர் சிதறி வந்தது. சமையல் மேடையில்தான் அதிகம். வெறும் காற்று வரும் வரை விட்டு, நெம்பை மறுபடி தூக்கி, வாளியில் சேர்ந்ததை அளந்தேன். முக்கால் லிட்டர். நெம்பு, நடு நிலை, குலுக்கல், சாய்ப்பு எல்லாம் முடிந்த பிறகும் முக்கால் லிட்டர் மிஞ்சியிருக்கிறது. 12 மில்லிமீட்டர் பைப்பில் அது பல மீட்டர் நீளத்துக்கான தண்ணீர்.

அழுத்தம் குறைவாக இருப்பது முக்கியம். பட்டறையில் இருக்கும் பெரிய கம்ப்ரஸரை இதில் மாட்டினால் உறைபனி செய்ய வேண்டிய வேலையை நாமே செய்துவிடுவோம்.

கடைசியாக, குழாய்கள் மூன்றும் திறந்தபடி, கைப்பிடி நடுவில். தொட்டிகளின் அடைப்பான்களை மட்டும் போட்டோம், பூச்சியும் கழிவு வாடையும் மேலே வராமல் இருக்க. கதவுக்கு உட்பக்கம் ஒரு சீட்டில் பெரிதாக எழுதி ஒட்டினேன்: "குழாய் திறந்திருக்கிறது. மூடாதே." நடுவில் எதையாவது எடுக்க வரும்போது என் கை தானாக மூடிவிடும் என்று எனக்குத் தெரியும்.

டொரொன்டோவில் இருக்கும் மைத்துனரிடம் இதைச் சொன்னபோது, அங்கே இது போதாது என்றார். அவர்கள் ட்ரெய்லர் என்று சொல்வதும் இதே வண்டிதான். ஒன்டாரியோவில் -20 சாதாரணம். அங்கே காற்றடித்து வடித்த பிறகு, இளஞ்சிவப்பு நிறத்தில் விற்கும் உறையாத் திரவத்தைப் பம்ப் வழியாகப் பைப்புகளில் நிரப்புகிறார்கள். கொதிகலனுக்குப் போகும் பாதையை மட்டும் மாற்றிவிட்டு, அதைக் காலியாகவே வைப்பார்கள். அந்தத் திரவம் பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்கால், குடிநீர்ப் பைப்புக்கென்றே வருவது. கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் திரவம் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், கொடிய நஞ்சு. கேரவன் பைப்பில் அது ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் மாறிப்போக வாய்ப்புண்டு. வாங்கும் முன் புட்டியைத் திருப்பிப் படித்துவிடுங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தோம்; முந்தைய ஆண்டு பிரேக் போட்டபடியே விட்டதில் ஒரு சக்கரத்தின் பிரேக் கட்டை அதன் டிரம்மில் ஒட்டிக்கொண்டு, இழுத்தபோது சக்கரம் சுழலாமல் தேய்ந்தது. மாதம் ஒருமுறை சக்கரத்தைக் கால் சுற்று நகர்த்தினேன். முதல் ஆண்டு போர்த்திய நீலத் தார்ப்பாயைத் தூக்கிப் போட்டேன். காற்றில் படபடத்து அக்ரிலிக் ஜன்னலைச் சுரண்டியது, அடியில் ஈரமும் தேங்கியது. மூச்சு விடும் துணியில் தைத்த உறை வாங்கினோம். வண்டியைக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் போர்த்த வேண்டும். மண் துகள் இருந்தால் உறையே உப்புத்தாள் ஆகிவிடும். கேஸ் பற்றி ஒன்று: குளிரிலும் கேரவனில் தங்குவதாக இருந்தால் சிவப்பு உருளையில் வரும் புரோப்பேன்தான் வேண்டும். நீல உருளையின் பியூட்டேன் பூஜ்யத்துக்கு அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். உருளை கனமாக இருக்கும், அடுப்பு எரியாது.

2024 ஜனவரி நடுவில் ஒரு வாரம் மறுபடி நல்ல குளிர். அந்த இரவுகளில் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மார்ச் இரண்டாம் சனிக்கிழமை போனோம். சீட்டைக் கிழித்தேன். புது கார்ட்ரிட்ஜைப் போட்டு, நெம்பை இறக்கி, பீப்பாயை இணைத்து, பம்பைப் போட்டேன். முதலில் காற்று துப்பியது. அப்புறம் மூன்று குழாயிலும் தண்ணீர். ஒவ்வொன்றாக மூடினேன். பம்ப் நான்கு நொடி ஓடி நின்றது. இருக்கைப் பலகையைத் தூக்கி, மண்டியிட்டு, வடிகட்டிக் கூட்டைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மெத்தைகளில் ஒரு புள்ளியும் இல்லை.

முன்பக்க இடது மூலையில் மட்டும் மீட்டர் 17 காட்டுகிறது. 2023இல் தண்ணீர் தேங்கிய இடம் வலது பக்கம், ஆகவே இது அதன் மிச்சமாக இருக்க முடியாது. அந்த மூலைக்கு மேலே வெளிக்கூடாரம் கோக்கும் தண்டவாளம் ஓடுகிறது. அதன் அடியில் இருக்கும் பூச்சு காய்ந்து வெடித்திருக்கும் என்பது என் ஊகம். தண்டவாளத்தைக் கழற்றி, பழைய பூச்சைச் சுரண்டி, புதிதாக அடைக்க ஒரு முழு வறண்ட நாள் வேண்டும். மே மாதத்துக்குக் குறித்து வைத்திருக்கிறேன். அண்ணனும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.